நாவல் எழுத உட்காரும்போது எதிரே ஒருவரை உட்கார வையுங்கள்

என் முதல் நாவல் வெளிவந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் என் போன் எண்ணைப் போட்டிருந்தேன். காலை ஆறேகாலுக்கு ஓர் அழைப்பு.

“தம்பிதானே அந்தக் கதை எழுதினது? கும்பகோணத்துக்குத் தெக்கால ஒரு கிராமத்துலேர்ந்து பேசறேன். பேரன் வாங்கியாந்தான். ராத்திரி முடிச்சேன்.”

“ரொம்ப சந்தோஷங்கய்யா.”

“அதுல சித்திரை மாசம் கல்யாணம் வக்கிறீங்க. பொண்ணு வீட்டுக்காரங்க விடிகாலைல ஆத்துல முங்கிக் குளிச்சிட்டு வர்றாங்க. தண்ணி ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு போவுதுன்னு எழுதியிருக்கீங்களே, அது எந்த வருஷம் தம்பி?”

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12; மூடும் நாள் ஜனவரி 28. சித்திரையில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும், பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். டெல்டாவில் நாலாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். நான் அணை இருக்கிற சேலம் மாவட்டத்துக்காரன். மதகைத் தாண்டிய தண்ணீர் எந்த மாசம் யார் வாய்க்காலுக்குப் போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பெரியவர் கோபப்படவில்லை. “நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா அந்தப் பக்கத்துக்கு அப்புறம் மனசு ஒட்டல தம்பி. பின்னாடி ஆத்தா சாவுற எடம்கூட வருது. எனக்கு அந்தத் தண்ணிதான் கண்ணுல நின்னுது.” சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அந்தச் சாவுக் காட்சியை நான் பதினோரு முறை திருத்தி எழுதியிருந்தேன். ஆற்றுத் தண்ணீரை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நாவல் எழுதுவது எப்படி என்று கேட்டு வருகிறவர்களுக்கு இப்போதெல்லாம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். கீழே வருவதெல்லாம் இந்த போனுக்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட நடைமுறை. உங்களுக்குத் தோதானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: யாருக்கு?

எழுதத் தொடங்குமுன் ஓர் ஆளைத் தேர்ந்தெடுங்கள். ‘தமிழ் வாசகர்கள்’, ‘இளைஞர்கள்’ என்று கூட்டமாகச் சொல்லாதீர்கள். பெயரும் முகமும் உள்ள ஒருவர் வேண்டும். அவர் எழுத்தாளராக இல்லாதது நல்லது. உங்கள்மேல் பிரியம் இருக்கலாம், ஆனால் உங்களைப் பாராட்டியே தீர வேண்டிய நிலையில் இருக்கக் கூடாது.

எனக்கு அது பெரியம்மா. எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவர். வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கத்தரித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு பைண்டு செய்து வைத்திருந்தார். அந்த மாதிரித் தொகுப்பைத் தொட்டுப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: கதைக்கு நடுவே பாதி வெட்டுப்பட்ட ஜோக், பின்பக்கத்தில் கூந்தல் தைல விளம்பரம், மூலையில் எண்ணெய் விரலின் தடம். ஒரு தொகுப்பில் ஓர் அத்தியாயம் கிடையாது. பக்கத்து வீட்டுக்கு இரவல் போன இதழ் திரும்பி வரவேயில்லை. அந்த வாரம் என்ன நடந்திருக்கும் என்று பெரியம்மா தானாகவே ஒரு கதை கட்டி வைத்திருந்தார். பல வருஷம் கழித்து நூலகப் பிரதியிலிருந்து அந்த அத்தியாயத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “என்னோடதுதான் நல்லாருக்கு” என்றார்.

பெரியம்மா போய் ஆறு வருஷமாகிறது. எதிர் நாற்காலி இன்னும் அவருடையதுதான். எழுதும்போது எங்கேயாவது நான் ஜாலம் காட்டத் தொடங்கினால் “சரி, இவ ஏன் இப்ப அழுவுறா, அதைச் சொல்லு” என்று அங்கிருந்து குரல் வரும். உங்கள் நாற்காலியில் யார் என்று முடிவு செய்யாமல் முதல் வரியை எழுதாதீர்கள்.

அட்டையில் நாலு வரி, சுவரில் ஒரு கணக்கு

முழுக் கதைச் சுருக்கத்தையும் முப்பது பக்கம் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குகிறவர்கள் உண்டு. புதியவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சுருக்கத்தை எழுதி முடித்ததும் கதையைச் சொல்லியாயிற்று என்ற திருப்தி வந்து நாவல் அப்படியே படுத்துவிடும். போஸ்ட் கார்டு அளவு அட்டையில் நாலே வரி போதும்: யாருடைய கதை, அவருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, அதை அடைய எதை இழக்கப் போகிறார். நாலாவது வரி எழுத வரவில்லையென்றால் உங்களிடம் இருப்பது சிறுகதையாக இருக்கலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

அடுத்தது கணக்கு. நாளைக்கு 300 வார்த்தை, வாரத்துக்கு 5 நாள். 40 வாரத்தில் 60,000 வார்த்தை. டெம்மி அளவுப் புத்தகத்தில் இது ஏறத்தாழ 288 பக்கம் வரும். அச்சகத்தில் ஒரே தாளாக அச்சடித்து மடிக்கும் பக்கத் தொகுதியைப் பாரம் என்பார்கள்; பாரத்துக்கு 16 பக்கம் என்றால் 18 பாரம். 300 வார்த்தை என்பது ஒரு நீளமான வாட்ஸ்அப் சண்டையைவிடக் குறைவு. வேலைக்குப் போகிறவர்கள் காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை உட்கார்ந்தால் நடந்துவிடும். எழுதியதை அன்றே திருத்தாதீர்கள். முதல் அத்தியாயத்தையே ஒன்பது முறை செதுக்கி, இரண்டாவதுக்குப் போகாமல் நின்றுபோன நாவல்கள் எனக்குத் தெரிந்து நாலைந்து உண்டு. அதில் ஒன்று என்னுடையது.

காலக் கணக்கு நோட்டு

ஆற்றுத் தண்ணீர் போனுக்குப் பிறகு நான் செய்த முதல் மாற்றம் இது. தனியாக ஒரு நோட்டு. இடப்பக்கம் நாவலில் நடப்பது. வலப்பக்கம் அந்த மாதம், அந்த ஊரில் உண்மையில் என்ன இருந்தது என்பது. பயிர், திருவிழா, வெயில், பஸ் கட்டணம், கையில் புழங்கிய காசு.

சின்ன விஷயம்தானே என்று தோன்றும். இரண்டாவது நாவலின் முதல் வரைவில் 2014-இல் ஒருவர் ஊருக்குத் தந்தி கொடுத்துக்கொண்டிருந்தார். தந்தி சேவை 2013 ஜூலையிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. 2012-இல் கடைக்காரர் நாலணா மீதி தருகிறார் என்று எழுதினால், 25 பைசா 2011 ஜூன் கடைசியோடு செல்லாமல் போனது ஒரு வாசகருக்காவது ஞாபகம் வரும். 2016 நவம்பர் 8 ராத்திரிக்குப் பிறகு ஒரு பாத்திரம் பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால், அடுத்து வரும் காட்சி அந்த நோட்டைப் பற்றியதாகத்தான் இருக்க முடியும். மறுபக்கமும் சொல்ல வேண்டும்: இப்படிச் சேர்த்த தகவலில் பத்தில் ஒன்றுக்கு மேல் நாவலுக்குள் போகக் கூடாது. தெரிந்ததையெல்லாம் கொட்டினால் வாசகருக்கு நீங்கள் பாடம் எடுப்பதாகப் படும். நோட்டு, தப்புச் செய்யாமல் இருப்பதற்கு மட்டும்.

பேச்சு வழக்குக்கும் இதே கதிதான். கோவைக்காரரையும் திருநெல்வேலிக்காரரையும் சினிமாவில் கேட்டு எழுதாதீர்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் உரையாடலை மட்டும் பிரித்துக் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே சிரிக்கிறாரோ அங்கெல்லாம் உங்கள் பிழை இருக்கிறது.

எதைச் சொல்லாமல் விடுவது

எனக்குக் கற்றுக்கொள்ள ரொம்ப நாள் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஒரு காட்சி. மகள் அப்பாவை எதிர்த்து வெளியூர் வேலைக்குக் கிளம்புகிறாள். நாலு நாளாக வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. நான் முதலில் எழுதியது இப்படி இருந்தது:

“அப்பா தட்டிலேயே கை கழுவினார். அவள் பக்கம் திரும்பாமல், ‘பஸ்ஸுக்குச் சில்லறை வச்சிருக்கியா’ என்றார். நாலு நாள் கழித்து அவர் பேசிய முதல் வார்த்தை. அந்தக் கேள்விக்குள் அவருடைய மன்னிப்பும் பாசமும் ஒளிந்திருப்பதை அவள் உணர்ந்தாள். அவள் கண்கள் குளமாயின.”

இப்போது கடைசி இரண்டு வாக்கியத்தையும் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். ‘முதல் வார்த்தை’ என்பதோடு நிற்கிறது. மன்னித்தாரா, வீம்பு இன்னும் போகவில்லையா, வெறும் பழக்கத்தில் கேட்டாரா என்பதைப் படிக்கிறவர் தன் அப்பாவை வைத்து நிரப்பிக்கொள்வார். நான் எழுதியிருந்த ‘மன்னிப்பும் பாசமும்’ அந்த வேலையை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. பெரியம்மாவின் காணாமல்போன அத்தியாயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அச்சில் இருந்ததைவிடத் தான் கட்டியதை அவர் ஏன் விரும்பினார் என்றால், அதில் அவர் உழைப்பு இருந்தது.

அதற்காக எல்லாவற்றையும் மறைக்கவும் கூடாது. யார் பேசுகிறார்கள், எந்த இடம், பகலா இரவா என்பதையெல்லாம் மூடிமறைத்து வாசகரை அலைய விடுவதை ஆழம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. என்ன நடந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதற்கு என்ன அர்த்தம் என்பதை விட்டுவைக்கலாம். வரைவு முடிந்ததும் ‘உணர்ந்தாள்’, ‘புரிந்தது’, ‘தோன்றியது’ என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். என் முதல் வரைவில் ‘உணர்ந்தாள்’ மட்டும் 74 இடத்தில் இருந்தது. ஒன்பதை விட்டுவைத்தேன்.

முதல் மூன்று பேர்

வரைவை முடித்ததும் ஒரு மாதம் பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள். பிறகு ஒருமுறை வாய்விட்டுப் படித்துத் திருத்திவிட்டு, மூன்று பேரிடம் கொடுங்கள். காகிதத்தில் அச்செடுத்து, பென்சிலோடு. ஒருவர் நிறைய நாவல் படிப்பவர், ஒருவர் கதை நடக்கும் ஊர் அல்லது தொழிலைச் சேர்ந்தவர், ஒருவர் அபூர்வமாகப் படிப்பவர்.

“எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள். “நல்லாருக்கு” என்பார்கள், அத்தோடு காரியம் கெட்டது. நான் கேட்பது இரண்டே கேள்வி. எந்தப் பக்கத்தில் கீழே வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனீர்கள்? எந்த இடத்தில் நம்பவில்லை?

பதில் வரும்போது வாயை மூடிக்கொண்டு எழுதிக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்லத் தொடங்கினால் அடுத்த முறை உண்மை வராது. இன்னொன்று, வலி எங்கே என்று வாசகர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். மருந்து என்னவென்று அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்காது. என்னுடைய இரண்டாவது நாவலில் மூன்று பேரில் இருவர் ஏழாவது அத்தியாயம் இழுக்கிறது, வெட்டுங்கள் என்றார்கள். வெட்டிப் பார்த்தேன், எட்டாவது இழுத்தது. கோளாறு ஐந்தாவதில் இருந்தது. கதாநாயகிக்குப் பணம் ஏன் அவ்வளவு அவசரம் என்பதை அங்கே சொல்லத் தவறியிருந்தேன். மூன்று வரி சேர்த்ததும் ஏழாவது தானாக ஓடியது.

தொடராக வெளியிடலாமா?

தமிழ் நாவலுக்குத் தொடர் என்பது கூடவே வளர்ந்த பழக்கம். ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் விவேக சிந்தாமணி இதழில் மாதாமாதம் வந்ததுதான். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 அக்டோபர் கடைசியில் தொடங்கி மூன்றரை வருஷம், மணியம் படங்களோடு, வாராவாரம் வந்தது. முடிந்தபோது பலருக்கு மனம் ஆறவில்லை. கதையைச் சட்டென்று நிறுத்திவிட்டதாகக் குறைப்பட்டார்கள், இன்னார் என்ன ஆனார் என்று கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதி, அந்தக் கேள்விகளைத் தானே எடுத்துப் போட்டுப் பதில் சொன்னார். எனக்குப் பிடித்தது, அவர் அதற்காகக் கதையில் புதிதாக ஓர் அத்தியாயத்தைச் சேர்க்கவில்லை என்பது. கேட்டவர்களுக்கு மரியாதை கொடுத்தார், கதை நின்ற இடத்திலேயே நின்றது.

இன்றைக்கு பிரதிலிபி போன்ற தளங்களிலோ உங்கள் பக்கத்திலோ நாளைக்கே தொடர் ஆரம்பித்துவிடலாம். ஜெயமோகன் வெண்முரசை 2014 ஜனவரியிலிருந்து 2020 ஜூலை வரை இணையத்தில் நாள்தோறும் எழுதி, 26 நாவல்களாக முடித்தார். அவருக்கு அதற்குமுன் இருந்த பழக்கத்தை மறந்துவிட்டு அதே வேகத்தை முதல் நாவலில் முயன்று பார்க்காதீர்கள். எழுத எழுத வெளியிட்டால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். மூன்றாவது வாரம் ஒரு துணைப்பாத்திரத்துக்கு இதயக் குறிகள் குவியும். நாலாவது வாரம் அவன் காரணமில்லாமல் வருவான். ஆறாவது வாரம், சாக வேண்டியவன் பிழைத்துக்கொள்வான். அட்டையில் எழுதிய நாலாவது வரி, அந்த இழப்பு, காணாமல் போய்விடும்.

ஆகவே, முழுவதையும் எழுதி முடியுங்கள். பிறகு வாரம் இரண்டு அத்தியாயமாக, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் வெளியிடுங்கள். சொன்ன கிழமையில் வராத தொடரை வாசகர் இரண்டு முறை பொறுப்பார், மூன்றாவது முறை மறந்துவிடுவார்.

பதிப்பாளரும் காகிதமும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நாவலைப் போன்றவற்றை வெளியிடும் பதிப்பகங்களை அவர்கள் விலைப்பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முதல் மூன்று அத்தியாயமும் ஒரு பக்கக் குறிப்பும் அனுப்பினால் போதும். பணம் கேட்டால் அது அச்சிடும் சேவை. தெரிந்தே செய்கிறீர்கள் என்றால் சரி. ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணுக்கு இந்தியாவில் அரசுக் கட்டணம் கிடையாது, அதற்கென்று தனியாக ஒரு தொகை கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

வாய்ச்சொல்லை நம்பி உரிமை கொடுக்காதீர்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்தப் பரப்பு என்று எழுதாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டு என்னைப்போல் பின்னால் கையைப் பிசையாதீர்கள்.

அச்சுக்கு முன் பிழை பார்க்கத் தரும் மெய்ப்பு வந்தால் நீங்களே ஒருமுறை பாருங்கள். நீங்கள் செய்த பிழை உங்கள் கண்ணுக்குப் படாது, அதனால் இன்னொருவரும் பார்க்கட்டும்.

கடிதம் வந்தால்

முதல் கடிதம் வரும் நாளில் காலில் தரை படாது. இரண்டாவது திட்டி வரும். இரண்டுக்கும் ஒரு வாரத்துக்குள் பதில் எழுதுங்கள், நாலு வரிக்கு மிகாமல். தகவல் பிழை சுட்டியிருந்தால் ஒப்புக்கொண்டு நன்றி சொல்லுங்கள். கதை பிடிக்கவில்லை என்றால் படித்ததற்கு நன்றி, அவ்வளவுதான். நீங்கள் உண்மையில் என்ன சொல்ல வந்தீர்கள் என்று விளக்கக் கிளம்பாதீர்கள்.

பெரிய எதிர்ப்பு வந்தால்? ஜெயகாந்தன் வழி ஒன்று உண்டு. 1966-இல் ஆனந்த விகடனில் அவருடைய அக்கினிப் பிரவேசம் என்ற சிறுகதை வந்தது. மழையில் யாரோ ஒருவனுடைய காரில் ஏறிக் கெட்டுப்போனதாக அழுதுகொண்டு வரும் மகளை, தாய் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். பலர் கொதித்துப்போனார்கள். அவர் கதையை மாற்றவில்லை. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல், விஷயம் ஊருக்குத் தெரிந்துபோயிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னவாகும் என்று ஒரு முழு நாவலே எழுதினார். சில நேரங்களில் சில மனிதர்கள் அது. 1972-க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. நாவலுக்குள்ளேயே அந்தச் சிறுகதையும், அதை எழுதிய ஒரு எழுத்தாளர் பாத்திரமும் வருகிறார்கள். வாசகரோடு போட்ட சண்டையையே கதைக்குள் கொண்டுவந்து உட்காரவைத்தார்.

எனக்கு வந்தது அவ்வளவு பெரிய சண்டையில்லை. ஆற்றுத் தண்ணீர்தான். இரண்டாம் பதிப்பு பேச்சு வந்தபோது சித்திரையை அடித்து ஆடி என்று போட்டேன். ஆடியில் ஆற்றில் தண்ணீர் நிச்சயம் என்று தைரியம். மெய்ப்புப் பார்த்த பெண்மணி பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். “ஆடி மாசத்துல எந்த ஊர்ல சார் கல்யாணம்?” கடைசியில் ஆவணிக்குக் கொண்டுபோனேன். மாசம் மாறியதால் பந்தலில் தொங்கிய மாங்கொத்து போயிற்று, விசிறிகள் போயின, மழைக்குப் பயந்து தார்ப்பாய் வந்தது, பள்ளிக்கூட லீவு இல்லாததால் ஐந்து பிள்ளைகள் கல்யாணத்துக்கு வர முடியாமல் போனார்கள். பதினெட்டுப் பக்கம் திருத்தினேன். காட்சி முன்பைவிட உயிரோடு இருந்தது.

பெரியவருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். பத்து நாள் கழித்து, அதே ஆறேகால் மணி.

“ஆவணி சரியாருக்கு தம்பி. தார்ப்பாய் போட்டீங்க பாருங்க, அது அசல் எங்க ஊரு.”

“ரொம்ப நன்றிங்கய்யா.”

“ஒண்ணே ஒண்ணு. அந்த நாயனக்காரர் ராத்திரி பூரா வாசிக்கறாரு. விடிஞ்சு எல்லாரும் சாப்புடறாங்க, பந்தி பந்தியா எழுதியிருக்கீங்க. அவருக்கு யாருமே எலை போடலியே?”

நான் பதில் சொல்லவில்லை. மேசை மேல் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.